ஆசரிக்கும் அங்கத்தினர்

ஆபேலைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய, அவர் இறந்த அன்று காலையிலேயே ஆசரிப்புக் கமிட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

"சேர் இருக்கா சிஸ்டர்?" என்று ஆபேலின் மனைவி யூனிஸைக் கேட்டார் செயலர் ஜெபகுமார்.

இருந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்காகச் சாமியானாக்காரர் இறக்கிவிட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலிகள். கமிட்டி அவற்றை வட்டமாகப் போட்டுக்கொண்டது. சேலையூரில் அந்தத் தெரு வீடுகளுக்கெல்லாம் முன்கூடம் சின்னது. வட்டம் முழுசாக வரவில்லை. விட்டுப்போன பக்கத்தை ஐஸ் பெட்டி அடைத்தது. பார்க்கிறவர்களுக்கு ஆபேலும் கமிட்டியில் ஓர் அங்கத்தினர் என்றுதான் தோன்றியிருக்கும். பேசாத ஒரே அங்கத்தினர்.

ஜெபகுமார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வந்த மனுக்களைத் திருப்பி அனுப்பியே பழகிய கை, வீட்டில் சும்மா கிடக்க முடியாமல் சபைக்கு வந்து சேர்ந்தது. அவருக்கு வலப்புறம் ரத்தினம், பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்தவர். இடப்புறம் பெண்கள் ஐக்கியத் தலைவி ஷீலா. ஷீலா அழத்தான் வந்தார். கமிட்டி கூடுகிறது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குப் போனார். போதகர் சாலமன் வாசல் ஓரமாக உட்கார்ந்து, எல்லோருக்கும் பொதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சபையின் ஒழுங்கு விதிகளில் ஒரு வாக்கியம் உண்டு. 'கல்லறைத் தோட்டத்தில் இடம், சபையின் முறைமைகளை ஆசரிக்கும் அங்கத்தினருக்கு மட்டும்.' எழுதி வைத்த காலத்திலிருந்து அதை யாரும் படித்ததில்லை. தோட்டம் நிரம்ப ஆரம்பித்த பிறகு எல்லோரும் படித்தார்கள். படிப்பதற்கென்று ஒரு கமிட்டியும் வந்தது.

"பிரதர் ஆபேல் நல்லவர். அதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல" என்று ஆரம்பித்தார் ஜெபகுமார். "ஆனா நல்லவர் வேற, ஆசரிக்கிறவர் வேற. நல்லவங்களுக்கெல்லாம் இடம் கொடுத்துட்டே போனா தோட்டம் தாங்காது."

"முதல்ல சொல்லுக்குப் பொருள் பாத்துடுவோம்" என்றார் ரத்தினம். பொருள் பார்க்கும்போது அவர் குரல் வகுப்பறைக் குரலாகிவிடும். "ஆசரிப்புன்னா, முறைமையைக் கைக்கொண்டு நடக்கறது. பண்டிகையை ஆசரிக்கலாம். நோன்பை அனுஷ்டிக்கலாம். சட்டத்தைக் கடைப்பிடிக்கலாம். மாமியாரை அனுசரிச்சுப் போகலாம். இடம் மாத்திப் போடக் கூடாது. ஒரு அதிகாரி சட்டத்தை அனுசரிச்சுப் போனார்னு சொன்னா என்ன அர்த்தம்?"

"விடுங்க சார், அதெல்லாம் ரிடையர் ஆயாச்சு" என்றார் ஜெபகுமார்.

"அப்போ ஸ்கூட்டரை?" என்று ஷீலா கேட்டார்.

"ஸ்கூட்டரை நிறுத்தலாம்மா. ஆசரிக்க முடியாது."

ஷீலா கேட்டதில் காரணம் இருந்தது. ஆலயம் இருக்கும் தெரு குறுகலானது. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடுவில் தண்ணீர் லாரி ஒன்று சபையாரின் வண்டிகளுக்கிடையில் சிக்கிக்கொண்டது. ஆபேல் எழுந்து வெளியே போனார். வண்டிகளை ஒழுங்கு பண்ணினார். அப்புறம் அவர் உள்ளே திரும்பவே இல்லை. ஞாயிறுதோறும் கேட்டுக்கு வெளியே நின்றார். பாடகர் குழு வண்டி சுவரோரம், பிரசங்கம் முடிந்ததும் நழுவுகிறவர்கள் வண்டி தெருமுனையில், ஜெபகுமார் வண்டி நிழலில். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை. வண்டியை எடுக்கும்போது யாரும் அவரைப் பார்க்கவும் இல்லை.

"உள்ள என்ன பாட்டோ அதை அவர் வெளிய நின்னு பாடுவார் சார்" என்றாள் யூனிஸ். கணவனின் ஐஸ் பெட்டியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். கை மரத்துப் போயிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

"எங்க நின்னு சிஸ்டர்?"

"கேட்டாண்ட."

"கேட்டுக்கு உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம். உள்பக்கம் நின்னா வண்டி தெரியாதே."

ஜெபகுமார் பெருமூச்சு விட்டார். "அங்கதான் இடிக்குது."

"பிரசங்கமெல்லாம் ஸ்பீக்கர்ல கேட்டுருவார். வீட்டுக்கு வந்து எனக்கே திருப்பிச் சொல்லுவார்."

"ஸ்பீக்கர் சபையோடது. ஒத்துக்கறேன். தெருவுல விழற சத்தம் சபையோடதா? அதைக் கேட்டவங்களெல்லாம் அங்கத்தினர்னா, எதிர்ல டீக்கடை போட்டிருக்காரே, அவருக்கும் குழி வெட்டணும். அவரும்தான் வருஷக்கணக்கா கேக்கறார்."

"அவர் திட்டிக்கிட்டே கேக்கறார்" என்று ஷீலா திருத்தினார்.

போதகர் தொண்டையைச் செருமினார். "பண்டிகை நாள்ல திருவிருந்து அப்பத்தை நானே கேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்..."

"அதுல நீங்க வெளிய வந்தீங்க ஐயா. அவர் உள்ள வந்ததா ஆகாது. நீங்க எந்த விதிப்படி வெளிய வந்தீங்கங்கறதை நாம அப்புறம் தனியா பேசிக்கலாம்."

போதகர் மறுபடி பொதுவாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தார்.

தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் பேபி எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள். தட்டை நீட்டியபடி, யூனிஸிடம் சொல்வதுபோல ஊருக்கே சொன்னாள். "இன்னாக்கா இது அக்குறும்பு? பொணத்தை நடுவுல வெச்சிகினு மீட்டிங் போட்டுகினு கீறாங்க. இவுங்க வூட்டுல சாவே வுழாதா?"

"யாரும்மா நீ? அங்கத்தினரா?"

"நான் டீ சார். சக்கரை போட்டதா, போடாததா?"

"போடாதது" என்றார் ஜெபகுமார்.

அப்போது கரண்ட் போயிற்று. ஐஸ் பெட்டி ஒரு முறை முனகிவிட்டு அடங்கியது. மேலே மின்விசிறியும் நின்றது. யூனிஸ் பெட்டியைப் பார்த்தாள். கமிட்டி மின்விசிறியைப் பார்த்தது. நெற்றி வியர்த்ததும் நியாயம் தெளிவாகிவிட்டது.

"முடிச்சுடுவோம்" என்றார் ஜெபகுமார். "பிரதர் ஆபேல் ஆலயத்துக்கு வந்துட்டிருந்தவர், ஆனா உள்ள வராதவர். ஆகையால ஆசரிக்காத அங்கத்தினர். தோட்டத்துல இடம் இல்ல. மனிதாபிமான அடிப்படையில மணி அடிக்கலாம். ஆனா மெதுவா."

"மெதுவான்னா?" என்று கேட்டார் போதகர்.

"கேட்டு வரைக்கும் கேக்கணும். அதைத் தாண்டக் கூடாது."

செம்பாக்கம் போகிற வழியில், ஏரிக்கரையை ஒட்டிய பொது இடுகாட்டில் ஆபேலைப் புதைத்தார்கள். போதகர் அங்கி போடாமல் சொந்தப் பொறுப்பில் வந்து சுருக்கமாக ஜெபம் செய்தார். பேபியின் தெரு ஆட்கள் தூக்கினார்கள். யூனிஸ் அழவில்லை. அழுகை வரும் என்று பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற பேபி, கடைசியில் அதைத் தானே குடித்தாள். வீட்டுக்கு வந்து யூனிஸ் நாற்காலிகளை அடுக்கி வைத்தாள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவது சுலபமாக இருந்தது. அதற்கப்புறம் செய்ய எதுவும் இல்லை. உட்கார்ந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தது பல வாரம். பால்காரர் கூப்பிட்டால் எழுந்தாள். பால் திரிந்தால் கொட்டினாள். துக்கம் என்று சொல்லும்படிகூட எதுவும் இல்லை.

மறுபடி கமிட்டி வந்தது. இந்த முறை பழங்களோடு.

"சிஸ்டர், சந்தோஷமான செய்தி" என்றார் ஜெபகுமார். "அன்னிக்கு உங்க நடத்தையைக் கமிட்டி கவனிச்சுது. சத்தம் போடல. சாபம் விடல. எங்க முடிவை அப்படியே ஏத்துக்கிட்டு டீ கொடுத்தீங்க."

"டீ பேபி கொடுத்தா."

"உங்க வீட்டு வாசல்ல கொடுத்தா. இந்தச் சபையில இப்படி ஒரு ஆசரிப்பை நாங்க பார்த்ததில்ல. உங்களை முன்மாதிரி ஆசரிப்பாளரா அறிவிச்சிருக்கோம். தோட்டத்துல உங்களுக்கு இப்பவே இடம் ஒதுக்கியாச்சு. வாங்க, காட்டறோம்."

கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஒரு புங்கமரம், நல்ல நிழல்.

"பாருங்க. வெயிலே படாது" என்றார் ஷீலா, வீட்டுமனை காட்டுகிறவர்போல.

"பக்கத்துல யாரு சார்?"

"இந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர்."

"அந்தப் பக்கம்?"

"நான்" என்றார் ஜெபகுமார். சற்று வெட்கத்தோடுதான் சொன்னார். "எனக்கு எப்பவோ ஒதுக்கியாச்சு."

யூனிஸ் அந்த மண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கணவன் செத்த பிறகு முதல்முறையாக அவளுக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

"எனக்கு அவர் பக்கத்துல போதும் சார்."

"அது வெளியாளுங்க இடம் சிஸ்டர். ஆசரிக்கும் அங்கத்தினரை வெளியில புதைச்சா சபைக்கு எவ்வளவு பெரிய அவமானம்! போதகர் ஐயா வரமாட்டார். நாங்க விடவும் மாட்டோம். நீங்க கவலையே படாதீங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா எல்லாத்தையும் முன்னாடி நின்னு செய்யப்போறது நாங்கதான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். யூனிஸுக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

மறுநாள் பேபியோடு இடுகாட்டுக்குப் போனாள். குழி வெட்டும் சவுரிமுத்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"பக்கத்து எடமா? காலியாத்தான் கீது" என்றார். "ஆனா ரொம்ப நாள் காலியா கெடக்காது. ஆள் வந்துகினே இருக்குது."

"எனக்குன்னு வெச்சிருக்க முடியுமா அண்ணா?"

"உங்க சபைக்காரங்க 'இவுங்க எங்களுக்கு வாணாம்'னு சொல்லிட்டா, இன்னிக்கே கல்லு நட்டுர்றேன். அப்பால வந்து தகராறு பண்ணக் கூடாது. இப்டித்தான் போன மழையில ஒரு ஆளை ரெண்டு சபை எங்களுது எங்களுதுன்னு இழுத்துகினு நின்னாங்க. உயிரோட இருந்தப்ப அந்தாளை ஒருத்தனும் கூப்ட்டு ஒருவாய் காபி குடுக்கல. எனக்கு அந்தப் பேஜாரு வாணாம்க்கா."

"அவுங்க வேணாம்னு சொல்லணும். அவ்ளோதானே?" என்றாள் பேபி. "இதென்னாக்கா பெரிய விசயம்? எங்க தெருவுல எல்லாரும் அதைத்தான் சொல்லிகினு கீறாங்க என்னை."

ஆனால் அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது. யூனிஸ் நேராக ஜெபகுமாரிடமே போய்க் கேட்டாள். "சார், எந்த விதியை மீறினா என்னை எடுத்துடுவீங்க?"

ஜெபகுமாரின் கண் கலங்கிவிட்டது. "பாருங்க. மீறணும்னாகூட அனுமதி கேட்டுத்தான் மீறணும்னு நினைக்கிறீங்களே. இதுதான் சிஸ்டர் ஆசரிப்பு!" அந்த ஞாயிறு ஆராதனையில் அதையே சாட்சியாகச் சொன்னார்.

கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், கேட்காமல் மீறிப் பார்த்தாள். மூன்று ஞாயிறு ஆலயத்துக்குப் போகவில்லை. கமிட்டி அவளை வியாதியஸ்தர் பட்டியலில் சேர்த்து, வீட்டுக்கே வந்து ஜெபித்து, ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்துவிட்டுப் போனது. நான்காம் ஞாயிறு போனாள். விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழுந்து நின்றபோது உட்கார்ந்தே இருந்தாள்.

"முழங்கால் வலியாக்கா?" என்று ஷீலா காதோரம் கேட்டார்.

"வலியெல்லாம் இல்ல. வேணும்னுதான் உக்காந்திருக்கேன்."

ஷீலா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு தானும் மெதுவாக உட்கார்ந்தார். ஷீலாவுக்கு நிஜமாகவே முழங்கால் வலி. பின்வரிசைப் பெண்கள் பார்த்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் அறிவிப்பு வந்தது: துக்கத்திலிருக்கும் பெண்களும் அவர்களுக்குத் துணையாக இருக்கும் பெண்களும் உட்கார்ந்தபடியே பிரமாணத்தை ஆசரிக்கலாம்.

இயேசு சிலுவையில் மரித்த நாளான பெரிய வெள்ளிக்குப் பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலையில் வருவது அங்கே வழக்கம். யூனிஸ் கல்யாணச் சிவப்புப் பட்டை எடுத்துக் கட்டிக்கொண்டு நடுவழியாக நடந்து போனாள். ஆலயம் மூச்சடக்கிக்கொண்டது. அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ரத்தினம் எழுந்தார். "சபையாரே, நம்மில் எத்தனை பேருக்கு இது தோணுச்சு? சிவப்பு இரத்தத்தின் நிறம்! இந்த நாளின் பொருள் நம்ம சிஸ்டருக்குப் புரிஞ்ச அளவுக்கு நமக்குப் புரியல!"

அடுத்த வருஷப் பெரிய வெள்ளிக்குப் பாடகர் குழு முழுவதற்கும் சிவப்புச் சேலை என்று தீர்மானமாயிற்று. துணிக்கு எந்தக் கடை என்று ஒரு துணைக்கமிட்டியும் அமைந்தது.

"எதைப் பண்ணாலும் சேத்துக்கிறாங்க பேபி" என்றாள் யூனிஸ், இட்லிக்கடை வாசலில் உட்கார்ந்து.

"பேசாம வேற சாமிய கும்பிட்டுடு."

"அதுக்கும் ஒரு விளக்கம் வெச்சிருப்பாங்க. சவுரிமுத்து என்ன சொன்னார்?"

பேபி மாவைக் கலக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "நேத்து ஒரு சாவு வந்துச்சாம். அந்த எடத்தைத்தான் கேட்டாங்களாம். எப்டியோ பேசி அடுத்த வரிசைக்குத் தள்ளி வுட்டிருக்காரு. அடுத்த தபா முடியாதுன்னுட்டாருக்கா."

இதற்கிடையில் ஆபேல் இல்லாத குறை சபையை வேறு வழியில் பிடித்தது. ஞாயிறு வந்தால் தெருவில் ஹாரன் சத்தம். திருவிருந்து நடுவில், "யாருங்க அது, TN பதினொண்ணு, வெள்ளை ஆக்டிவா?" என்று யாராவது எட்டிப் பார்த்துக் கத்தினார்கள். நிழலில் நிற்க வேண்டிய ஜெபகுமார் வண்டி ஒரு நாள் சாக்கடை ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. அன்றுதான் பிரதர் ஆபேல் சபைக்கு ஏதோ செய்திருக்கிறார் என்று கமிட்டிக்குப் புலப்பட்டது.

விதியைத் திருத்தினார்கள். இனிமேல் கேட்டுக்கு வெளியே நின்று ஊழியம் செய்கிறவர்களும் ஆசரிக்கும் அங்கத்தினரே.

"அப்போ அவரு?" என்று யூனிஸ் கேட்டாள்.

"திருத்தம் இன்னிலேர்ந்து சிஸ்டர். முன்னாடி செத்தவங்களுக்குச் செல்லாது. ஆனா அவரை நாங்க கைவிடல. இடம் கொடுக்க முடியாட்டியும் மௌனம் கொடுக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். ரெண்டு நிமிஷம்."

ஞாயிறு சாயங்காலம் ஆலயத்தை ஒட்டிய கமிட்டி அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். யூனிஸை நடுவில் நிறுத்தினார்கள்.

"மௌனத்தை மட்டும் அனுசரிக்கிறோம்னு சொல்றது சரி" என்றார் ரத்தினம். "ஆசரிக்கிறோம்னா கொஞ்சம் ஜாஸ்தி."

"கண்ணை மூடிக்கணும். அசையக் கூடாது. இருமல் இருந்தா இப்பவே இருமிடுங்க" என்றார் ஜெபகுமார். எல்லோரும் இருமினார்கள். "இதுவரைக்கும் இந்தச் சபையில மௌனத்தைக் கலைச்சவங்க யாரும் இல்ல. அதுக்கு விலக்கும் கிடையாது, விளக்கமும் கிடையாது. ஆரம்பிக்கலாம்."

யூனிஸ் கண்ணை மூடினாள். ஆபேலை நினைக்கப் பார்த்தாள். அவர் முகம் வரவில்லை. பல மாதமாகவே வரவில்லை. உள்ளே வெறும் சிமென்ட் தரைபோல இருந்தது. மூடியிருப்பதும் திறந்திருப்பதும் ஒன்றுதான் என்று கண்ணைத் திறந்தாள்.

எதிரே ரத்தினம் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் ஷீலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷீலா ஒரு கண்ணால் போதகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் ஒரு கண்ணால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபகுமாரின் ஒற்றைக் கண், யார் கண்ணைத் திறக்கிறார்கள் என்று வரிசையாக ஒவ்வொரு முகமாக வந்து, கடைசியில் யூனிஸிடம் வந்து நின்றது. கண்டுபிடித்துவிட்டோம் என்றும், கண்டுபிடிக்கப்பட்டுவிட்டோம் என்றும் ஒரே சமயத்தில் அது விரிந்தது.

அவளுக்கு வயிற்றுக்குள் எங்கேயோ ஒன்று அசைந்தது. இருமல் என்று நினைத்தாள். வாயைப் பொத்தினாள். விரலிடுக்கில் வெளியே வந்துவிட்டது. சிரிப்பு. இதை ஆபேலிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க அவர் சிரிக்கும் முகம் அப்படியே வந்து நின்றது. அதற்கப்புறம் அடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பல மாதமாக அவளே கேட்டிராத குரலாக இருந்தது அது.

மௌனம் முடிந்ததா முறிந்ததா என்று தெரியாமல் எல்லோரும் நின்றார்கள்.

"பாவம், துக்கத்துல சில பேருக்குச் சிரிப்பு வரும்" என்று ஆரம்பித்தார் ஷீலா. "டாக்டரே சொல்லியிருக்கார்..."

"ஆமாம், சிரிப்பும் ஒருவகைப் புலம்பல்னு..." என்று ரத்தினமும் வாயைத் திறந்தார்.

யூனிஸுக்குப் பகீரென்றது. மறுபடி சேர்த்துக்கொள்ளப் போகிறார்கள்.

"இல்லங்க. துக்கமெல்லாம் இல்ல" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்போ எதைப் பாத்துச் சிரிச்சீங்க?" என்று ஜெபகுமார் கேட்டார்.

"உங்க எல்லாரையும் பாத்துத்தான் சார். ஆளுக்கு ஒரு கண்ணைத் திறந்து வெச்சிருந்தீங்களே."

இப்போதுதான் அந்த அறையில் நிஜமான மௌனம் விழுந்தது. எவரும் எவரையும் பார்க்கவில்லை.

"அப்படின்னா," என்றார் ஜெபகுமார், வார்த்தை வார்த்தையாக, "நீங்க கண்ணைத் திறந்திருக்கீங்க."

"ஆமா சார். ரெண்டையும்."

ஷீலா கைப்பையை மூடினார். ரத்தினம் பொருள் எதுவும் சொல்லவில்லை. முடிவெடுக்கக் கமிட்டிக்கு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை. நின்றபடியே எடுத்தது. இன்று முதல் சிஸ்டர் யூனிஸ் ஆசரிக்காத அங்கத்தினர். கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை. அவர் சம்பந்தமாகச் சபை எந்த உரிமையும் கோராது.

"ரொம்ப நன்றி சார்."

"நன்றியா? சிஸ்டர், இது தண்டனை!"

"தெரியும் சார். அந்த உரிமை கோராதுங்கறதை மட்டும் நாளைக்கு நேர்ல வந்து சவுரிமுத்துகிட்ட ஒருவாட்டி சொல்லிடுறீங்களா? அவர் தகராறுன்னு பயப்படறார்."

"கட்டாயம் வந்து சொல்றேன்" என்றார் ஜெபகுமார் கடுமையாக. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அவர்.

வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. தாறுமாறாக நின்ற வண்டிகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பேபி காத்திருந்தாள். யூனிஸின் ஈர முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"இன்னாக்கா? எடம் கெடைக்கலியா?"

"கெடச்சுடுச்சு பேபி."